கட்டவலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பாறை, மண் வகையை ஒதுக்குவது எப்படி? மெல்லிய களியடுக்கு துண்டுதுண்டாகிறது

கேள்வி: நீரோட்டம்

வணக்கம். நிலத்தடி நீரின் ஓட்டத்தையும் அதில் கரைந்து செல்லும் உப்பின் நகர்வையும் கணிப்பதற்காக டஃப்2 மென்பொருளில் ஒரு மாதிரியை அமைத்து வருகிறேன். கட்டவலை 120 × 90 × 40 என்ற அளவில் மொத்தம் 4,32,000 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டமும் 25 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையது. மேலே மண், அதன்கீழ் மணல், மணலின் நடுவே அரை மீட்டர் தடிமனில் ஒரு களியடுக்கு, மணலுக்கு அடியில் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை என்பதுதான் துளைப்பதிவுகள் காட்டும் அமைப்பு. களியடுக்கும் அதையொட்டிய அடுக்குகளும் நீளவாக்கில் 100 மீட்டருக்கு 2 மீட்டர் என்ற சரிவில் இறங்குகின்றன. அடுக்கைத் தொட வேண்டிய எல்லாத் துளைகளிலும் களி தென்பட்டிருப்பதால், அது இடையில் அறுபடாமல் தொடர்கிறது என்றே கொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு கட்டத்தின் மையப்புள்ளியும் எந்த அடுக்குக்குள் விழுகிறது என்று பைத்தான் நிரல் ஒன்றின் மூலம் பார்த்து, அந்த அடுக்கின் பாறை வகையைக் கட்டத்துக்குக் கொடுத்திருக்கிறேன். குறுக்குவெட்டில் பார்த்தால் களி தொடர்ச்சியாக இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிகிறது. கணக்கை ஓட்டினால், களியே இல்லாததுபோல உப்பு கீழ்மணலுக்குள் இறங்கிவிடுகிறது. என்னைக் குழப்புவது என்னவென்றால், கட்டவலையிலுள்ள களிக் கட்டங்களின் மொத்தப் பருமனைக் கூட்டிப் பார்த்தால் அது புவியியல் மாதிரியிலுள்ள களியின் பருமனோடு மிக நன்றாகவே பொருந்துகிறது.

மையப்புள்ளிக்குப் பதிலாக, கட்டத்தில் எந்த வகை அதிகப் பங்கு வகிக்கிறதோ அதைக் கொடுப்பது மேலானதா? இரண்டு வகைகள் கலந்த கட்டங்களுக்குச் சராசரிப் பண்புகளுடன் புதிய பாறை வகையை உருவாக்க வேண்டுமா? துளைகளுக்கு இடைப்பட்ட இடங்களில் வகையை எப்படி நிரப்புவது? வேறொரு குழுவும் இதே வலையில் வெப்ப ஓட்டத்தைக் கணித்து வருவதால், வலையை அடியோடு மாற்றும் வழி எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: பாறையடுக்கு

வணக்கம் நண்பரே. பருமன் பொருந்துவதும் களி துண்டுபடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட 40 கட்டங்களை ஒரு தூண் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தரும் சரிவில், ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும்போது களியடுக்கு சரியாக அரை மீட்டர் இறங்குகிறது. கட்ட மையங்களோ 2 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அரை மீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கு, 2 மீட்டர் இடைவெளியுள்ள புள்ளிகளில் ஒன்றைத் தொடுவது நான்கு தூண்களுக்கு ஒருமுறைதான் நிகழும். ஆகவே மூன்று தூண்களில் களி அறவே இருக்காது. நான்காவது தூணில் 2 மீட்டர் தடிமனுள்ள ஒரு முழுக் களிக் கட்டம் இருக்கும். நான்கில் ஒன்று என்பதை 2 மீட்டரால் பெருக்கினால் அரை மீட்டர் வந்துவிடுகிறது. பருமன் துல்லியமாகப் பொருந்துவது இதனால்தான். ஆனால் தடுப்பாக நிற்க வேண்டிய அடுக்கின் பரப்பில் முக்கால் பங்கு திறந்து கிடக்கிறது.

பெரும்பான்மை முறைக்கு மாறினால் நிலைமை இன்னும் மோசமாகும். அரை மீட்டர் களி 2 மீட்டர் உயரமுள்ள கட்டத்தில் கால் பங்குக்கு மேல் ஒருபோதும் வராது; ஆகவே மணலும் களியும் மட்டும் இருக்கும் எந்தக் கட்டத்திலும் மணலே வெல்லும். களி உங்கள் மாதிரியிலிருந்து முற்றாக மறைந்துவிடும். பெரும்பான்மை முறை தடித்த அடுக்குகளின் எல்லையைச் சீராக்கத்தான் ஏற்றது. கட்டத்தைவிட மெல்லிய எதையும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கட்டத்துக்குள் 5 × 5 × 5 என்று புள்ளிகளைப் பரப்பி, எத்தனை புள்ளிகள் எந்த அடுக்கில் விழுகின்றன என்று எண்ணினால் ஒவ்வொரு வகையின் பங்கும் கிடைத்துவிடும். மெல்லிய களிக்கு உயரவாக்கில் மட்டும் 20 புள்ளிகளாவது வைப்பது நல்லது. பங்கு தெரிந்தபின், அடுக்குகளுக்கு இணையான திசையில் தடிமனால் எடையிட்ட கூட்டுச் சராசரியையும், அடுக்குகளுக்குக் குறுக்கான திசையில் இசைச் சராசரியையும் (தலைகீழ் மதிப்புகளின் சராசரியை மீண்டும் தலைகீழாக்கியது) எடுக்க வேண்டும். மணலின் நீர் கடத்துதிறன் நாளொன்றுக்கு 10 மீட்டர் என்றும் களியினுடையது 0.0001 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், 1.5 மீட்டர் மணலும் 0.5 மீட்டர் களியும் உள்ள கட்டத்தில் கிடைத்திசை மதிப்பு 7.5 ஆகவும் செங்குத்து மதிப்பு 0.0004 ஆகவும் வரும். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 19,000 மடங்கு வேறுபாடு. இத்தகைய கட்டத்தை ஒரே எண்ணால் விவரிக்க எந்தச் சராசரியாலும் முடியாது. திசைக்குத் திசை வேறு மதிப்பு கட்டாயம் தேவை. டஃப்2 பாறை வகை ஒவ்வொன்றுக்கும் மூன்று திசைகளில் தனித்தனி ஊடுருவுதிறனை (நீர் கடத்துதிறனைத் தீர்மானிக்கும் பாறைப் பண்பு) ஏற்பதால், களியின் பங்கை ஐந்தாறு படிநிலைகளாகப் பிரித்து, படிநிலைக்கு ஒரு பாறை வகை என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும். களி இரண்டு கட்டங்களின் எல்லையில் அமர்ந்து பாதிப்பாதியாகப் பிரிந்தாலும், தூணின் மொத்தச் செங்குத்துத் தடை மாறாது என்பது இம்முறையின் நன்மை.

ஓர் எச்சரிக்கை. கட்டங்களின் பட்டியலில் ஊடுருவுதிறன் பெருக்கி என்று ஒரு புலம் இருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் மதிப்பை மாற்ற அதுவே எளிய வழி என்று தோன்றும். அது மூன்று திசைகளையும் ஒரே அளவில் பெருக்குவதால் மேற்சொன்ன திசைவேறுபாட்டைத் தர இயலாது. அதோடு, அந்த வசதியை இயக்கிவிட்டால் நுண்துளைகள் நீரை இழுத்துப் பிடிக்கும் நுண்புழை அழுத்தமும் பெருக்கியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் தானாகவே மாற்றப்படும். சமதன்மையற்ற மணலுக்கு அது பொருத்தம். மணலையும் களியையும் கலப்பதற்கு அல்ல.

பதில் 2: முகஇணைப்பு

பாறையடுக்கு அவர்கள் கொடுத்துள்ள விளக்கம் முழுவதும் சரியானது. கடைசியில் சொன்ன தீர்வு மட்டும் கிடையாகப் படிந்த அடுக்குக்குத்தான் பொருந்தும். சரிந்த அடுக்கில் அது ஒரு புதிய ஓட்டையைத் திறந்துவிடுகிறது.

ஒரு கிடை வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் நான்கு அடுத்தடுத்த கட்டங்கள் களியைத் தாங்கியிருக்கும். ஐந்தாவதில் களி கீழ் வரிசைக்கு இறங்கியிருக்கும். அதாவது, அந்த நான்கு கட்டங்களுக்கு ஒரு பக்கத்திலுள்ள கட்டம் களிக்கு மேலேயுள்ள மணலைச் சேர்ந்தது; மறுபக்கத்திலுள்ள கட்டம் களிக்குக் கீழேயுள்ள மணலைச் சேர்ந்தது. நடுவிலுள்ள நான்குக்கும் கிடைத்திசை மதிப்பு 7.5 என்று கொடுத்திருக்கிறோம். ஆக, மேல்மணலிலிருந்து கீழ்மணலுக்கு, களியை எங்கும் கடக்காமல், பக்கவாட்டில் ஒரு தாராளமான பாதை உருவாகிவிட்டது.

இது எவ்வளவு பெரிய பிழை என்று கணக்கிட்டே பார்த்துவிடலாம். களிக்கு மேலும் கீழும் நீர்மட்ட வேறுபாடு 1 மீட்டர் என்று கொள்வோம். உண்மையான களி வழியாக 100 மீட்டர் நீளத்துக்கு, ஒரு மீட்டர் அகலத்தில், நாளொன்றுக்கு 0.0001 ÷ 0.5 × 100, அதாவது 0.02 கன மீட்டர் நீர் கசிய வேண்டும். மேற்சொன்ன பக்கவாட்டுப் பாதையிலோ மையத்துக்கு மையம் ஐந்து இணைப்புகள், 125 மீட்டர் தொலைவு, 2 மீட்டர் உயரம். இரு முனைகளிலும் மணலின் 10, நடுவில் 7.5 என்று கூட்டினால் 0.126 கன மீட்டர் வருகிறது. 100 மீட்டருக்கு ஒருமுறை இப்படி ஒரு பாதை உண்டு. சரியான கசிவைப்போல ஆறு மடங்குக்கும் மேற்பட்ட நீர், களியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மையப்புள்ளி முறையில் வரும் பிழையோடு ஒப்பிட்டால் இது சிறியது என்பது உண்மைதான். ஆனால் உப்பு எப்போது எங்கே வந்து சேரும் என்பதே உங்கள் கேள்வியானால், ஆறு மடங்கை ஏற்றுக்கொள்ள முடியாது.

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை கட்டத்துக்குக் கட்டம் முகம் வழியாக மட்டுமே ஓட்டத்தைக் கணக்கிடுகின்றன. மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இரண்டு கட்டங்களுக்கு இடையே எந்த ஓட்டமும் கிடையாது. இதனால் மூலைவிட்டமாக வரிசையிட்ட களிக் கட்டங்கள் தடுப்பாக நிற்கும்; அதே வரிசையில் மணல் கட்டங்களை வைத்தால் ஓடையாக அவை செயல்படாது, ஒவ்வொரு மூலையிலும் அறுந்துவிடும். தடுப்புக்கும் ஓடைக்கும் ஒரே ஒதுக்கீட்டு விதி பொருந்தாது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கட்டவலையில் ஓர் அடுக்கை வரைவதற்கு முன்னால், அது நீரைத் தடுக்க வேண்டியதா, நடத்த வேண்டியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் களி தடுக்க வேண்டியது. ஆகவே அதைக் கட்டங்களுக்குள் வைக்காமல் கட்டங்களுக்கு இடையிலான முகங்களில் வையுங்கள். ஒவ்வொரு மணல் கட்டத்தையும் அதன் மையம் களியின் நடுத்தளத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்து ‘மேல்’ அல்லது ‘கீழ்’ என்று குறியுங்கள். பிறகு, ஒரு மேல் கட்டத்தையும் ஒரு கீழ் கட்டத்தையும் பிரிக்கும் முகங்கள் எல்லாவற்றையும், அவை கிடையானவையோ செங்குத்தானவையோ, பட்டியலிடுங்கள். அந்த முகங்கள் அனைத்தும் சேர்ந்து ஓர் ஓட்டையுமில்லாத படிக்கட்டுத் தளமாக அமையும். அதுதான் உங்கள் களியடுக்கு.

டஃப்2 பயன்படுத்துவது இந்த இடத்தில் உங்களுக்குச் சாதகம். அதற்குக் கட்டவலை என்பது கட்டங்களின் பருமன்களையும், எந்தக் கட்டம் எதனோடு என்ன பரப்பில் என்ன தொலைவில் இணைகிறது என்பதையும் கொண்ட ஒரு பட்டியல்தான்; வலை ஒழுங்கான வடிவில் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. எனவே பட்டியலிட்ட ஒவ்வொரு முகத்திலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, அரை மீட்டர் தடிமனுள்ள ஒரு மெல்லிய களிக் கட்டத்தைச் செருகி, அதை இருபுறத்துக் கட்டங்களோடும் இணைத்துவிடலாம். கிடையான முகத்தில் அதன் பருமன் 312.5 கன மீட்டர். படியின் செங்குத்து முகத்தில் 25 கன மீட்டர். களிக் கட்டத்தின் பக்கத்தில் இணைப்புத் தொலைவு 0.25 மீட்டர். அண்டைக் கட்டங்களின் பருமனிலிருந்து இந்த அளவைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் இருமுறை எண்ணப்படும். தூணுக்கு ஒன்றாக 10,800 கட்டங்கள், படிகளுக்கு ஏறத்தாழ 2,700 கட்டங்கள். மொத்தத்தில் உங்கள் வலை 3 சதவீதமே பெரிதாகும். வலை முழுவதையும் அரை மீட்டர் உயரத்துக்கு நுணுக்கினால் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் வரும். மூலக் கட்டங்களின் பெயரும் இடமும் மாறாததால், வெப்ப ஓட்டக் குழுவின் முடிவுகளோடு ஒப்பிடுவதும் தடைபடாது. களி உண்மையான கட்டமாகவே இருப்பதால் உப்பு அதற்குள் பரவித் தங்குவதையும் ஓரளவு கணக்கில் கொள்ளலாம்; அந்தப் பரவல் முக்கியமென்றால் ஒரு மெல்லிய கட்டத்துக்குப் பதில் நான்கைந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வலையை மாற்ற முடிந்தவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. களியோடு சேர்ந்து வலையின் அடுக்குகளையும் சரித்துவிட்டால் போதும். 2 சதவீதச் சரிவில், இணைப்புக்கோடு முகத்துக்குச் செங்குத்தாக இல்லாததால் வரும் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல. மாட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 2005 பதிப்பில், இரண்டு அடுக்குகளுக்கு இடையே தனிக் கட்டமில்லாமல் ஒரு தடுப்பு அடுக்கைக் குறிப்பிடும் வசதி இருந்தது. மாட்ஃப்ளோ 6 பதிப்பில் அது கிடையாது, தடுப்பையும் ஓர் அடுக்காகவே கொடுக்க வேண்டும்.

பதில் 3: மண்துகள்

மேலே எழுதியவர்கள் நீர் நிறைந்த பகுதியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். உங்கள் மாதிரியின் மேற்பகுதியில் மண் இருக்கிறது. அங்கே மண் துகள்களுக்கு இடையிலான துளைகளில் பாதி காற்று. அந்தப் பகுதியில் கூட்டுச் சராசரியோ இசைச் சராசரியோ எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கார்செல், பாரிஷ் இருவரும் 1988இல் வெளியிட்ட அட்டவணை 12 மண் நயங்களுக்கும் (துகள் அளவைக் கொண்டு பிரித்த மண் வகைகள்) வான் கெனுக்டன் சமன்பாட்டின், அதாவது மண்ணின் ஈரத்தை உறிஞ்சழுத்தத்தோடு (மண் நீரை இழுத்துப் பிடிக்கும் அழுத்தம்) தொடர்புபடுத்தும் சமன்பாட்டின், சராசரிக் கெழுக்களைத் தருகிறது. இத்துறையில் பலரும் முதலில் கைவைப்பது அதில்தான். அதன்படி நீர் நிறைந்த நிலையில் மணல் நாளொன்றுக்கு 712.8 சென்டிமீட்டரும், மணலும் வண்டலும் களியும் கலந்த லோம் மண் 24.96 சென்டிமீட்டரும் கடத்துகின்றன. மணல்தான் 28 மடங்கு மேல். இப்போது உறிஞ்சழுத்தத்தை 100 சென்டிமீட்டர் நீருயரத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அதாவது நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நீர் அசையாமல் நிற்கும் நிலை. அதே அட்டவணையின் கெழுக்களை இட்டுப் பார்த்தால், லோம் ஏறத்தாழ 0.03 சென்டிமீட்டரும் மணல் 0.00002 சென்டிமீட்டர் அளவிலும் கடத்துகின்றன. இப்போது லோம்தான் ஆயிரம் மடங்குக்கும் மேல். மணலின் பெரிய துளைகள் முதலில் வடிந்துவிடுவதால் நீருக்குப் பாதையே இல்லாமல் போகிறது. ஈரம் குறைந்த நிலையில், நுண்மண்ணுக்கு அடியிலுள்ள பருமணல்தான் தடுப்பு.

எனவே, நீர் நிறைந்த நிலையின் கடத்துதிறனை வைத்து எது தடுப்பு, எது ஓடை என்று முன்கூட்டியே தீர்மானித்து வகைகளைக் கலந்தால், வறண்ட காலத்தில் மாதிரி தலைகீழாக நடந்துகொள்ளும். சமன்பாட்டின் ஆல்ஃபா, என் என்ற கெழுக்களைச் சராசரியாக்குவதையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு வளைவுகளின் கெழுக்களுக்குச் சராசரி எடுத்து வரையும் மூன்றாவது வளைவு, அந்த இரண்டின் நடுவே செல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மண் பகுதியில் கட்டத்துக்கு ஒரே வகை என்று வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் மட்டும் கட்டத்தின் உயரத்தைக் குறைப்பதே நேரான வழி. 2 மீட்டர் உயரமுள்ள கட்டத்தில் மழைநீர் இறங்குவதைக் கணிக்கவே முடியாது. மேற்பரப்பையொட்டிச் சில சென்டிமீட்டரில் தொடங்கிக் கீழே போகப்போகப் பெருக்கிக்கொள்ளலாம். முகஇணைப்பு அவர்கள் சொன்ன பட்டியல் உத்தியால் மேல் அடுக்கை மட்டும் பிரிப்பது கடினமல்ல. உங்கள் கேள்வி கீழ்மணலைப் பற்றியது மட்டுமே என்றால், மண்ணை விட்டுவிட்டு நீர் சேர்மானத்தை (மழையால் நிலத்தடியில் சேரும் நீரின் அளவை) மேலிருந்து ஓர் எண்ணாகக் கொடுத்துவிடுவதும் தவறில்லை. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

பதில் 4: வேரியோ

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் செய்யக் கூடாதது ஒன்று. களிக்கு 1, மணலுக்கு 2, சிதைந்த பாறைக்கு 3 என்று எண் கொடுத்துவிட்டு, அந்த எண்களையே துளைகளுக்கு இடையில் இடைச்செருகல் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு துளையில் களி, மறு துளையில் சிதைந்த பாறை என்றால் நடுவில் 2 வரும். எந்தத் துளையிலும் இல்லாத மணல் அங்கே முளைத்துவிடும். பாறை வகையின் எண் ஒரு பெயர்தான். அதைக் கூட்டவோ வகுக்கவோ கூடாது.

தொடர்ச்சியான அடுக்குகளுக்கு, வகையை இடைச்செருகல் செய்யாமல் அடுக்குகளின் எல்லைத் தளங்களைச் செய்யுங்கள். ஒவ்வொரு துளையிலும் களியின் மேல்மட்டத்தைக் கடல்மட்ட உயரமாக எடுத்துக்கொண்டு, அந்த உயரங்களைப் பரப்பி ஒரு தளத்தை அமைக்க வேண்டும். அடிமட்டத்தைத் தனியாகப் பரப்பாமல், தடிமனைப் பரப்பி மேல்மட்டத்திலிருந்து கழிப்பதே நல்லது. இரண்டு தளங்களையும் தனித்தனியே பரப்பினால் துளைகள் அரிதான இடங்களில் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, தடிமன் எதிர்மறையாகிவிடும். தடிமனைப் பரப்பினால் அது சுழியத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது எளிது. துளைப்பதிவில் ஆழம் தரைமட்டத்திலிருந்து எழுதப்பட்டிருக்கும். தரையின் உயரத்தைச் சேர்க்க மறந்தால், நிலத்தின் மேடுபள்ளம் முழுவதும் களியில் பதிந்துவிடும். சரிந்த அடுக்கில் அதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

தொடர்ச்சியற்ற வில்லைகளாகக் களியும் மணலும் கலந்து கிடக்கும் இடங்களில் தளம் என்ற கருத்தே பொருந்தாது. அங்கே ஒவ்வொரு வகைக்கும் ‘இருக்கிறது’ என்றால் 1, ‘இல்லை’ என்றால் 0 என்று ஒரு காட்டி மாறியை வைத்து, அருகிலுள்ள துளைகளுக்கு எடையிட்டுக் கணிக்கும் காட்டிக் கிரிகிங் முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வகைக்கும் நிகழ்தகவைப் பெறுவார்கள். பலர் இங்கே நின்று, அதிக நிகழ்தகவுள்ள வகையைக் கட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் படம் அழகாக வரும், மாதிரி தவறாக இருக்கும். ஏனெனில் சிறுபான்மை வகை துளைகளைச் சுற்றி மட்டும் தீவுகளாகச் சுருங்கி, மற்ற இடங்களில் காணாமல் போகும். நிகழ்தகவிலிருந்து குலுக்கி எடுத்து, ஏற்கெனவே நிரப்பிய கட்டங்களையும் தரவாகக் கொண்டு, கட்டம் கட்டமாக முன்னேறும் தொடர் காட்டி உருவகப்படுத்தல்தான் பங்குகளையும் வேரியோகிராமையும் (தொலைவு கூடக்கூட வேறுபாடு எப்படிக் கூடுகிறது என்று காட்டும் வளைவு) காப்பாற்றும். 1992இல் முதலில் வெளியான ஜிஎஸ்லிப் நிரல் தொகுப்பில் இதற்கான நிரல் இருக்கிறது. மேலே களி இருந்தால் கீழே மணல் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதுபோன்ற படிவு வரிசை தெரிந்திருந்தால், மார்க்கோவ் சங்கிலி அடிப்படையிலான நிலைமாற்ற நிகழ்தகவு முறை அதை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

இப்படிக் குலுக்கி எடுப்பதால் ஒரே தரவுக்குப் பல வடிவங்கள் கிடைக்கும். ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு முடிவு சொல்ல முடியாது. வடிவத்துக்கு வடிவம் முடிவு பெரிதும் மாறுவது எப்போது என்றால், மணலின் பங்கு இணைப்பு முறியும் எல்லைக்கு அருகில் இருக்கும்போதுதான். ஒன்றோடொன்று தொடர்பின்றித் தற்செயலாக மணலை நிரப்பிய முப்பரிமாணக் கனசதுர வலையில் அந்த எல்லை 0.3116, இருபரிமாணச் சதுர வலையில் 0.5927. மணலின் பங்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முப்பரிமாணத்தில் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குப் பாதை இருக்கும். அதே பங்கை ஒரு குறுக்குவெட்டில் பார்த்தால் பாதையே தெரியாது. குறுக்குவெட்டைப் பார்த்து ‘மணல் தொடரவில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன். உண்மையான படிவுகளில் அடுத்தடுத்த கட்டங்கள் ஒரே வகையாக இருக்கும் போக்கு உண்டு என்பதால் எல்லை இதிலிருந்து விலகும். அளவை அந்தந்த வடிவத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரோட்டம்:

மிக்க நன்றி. முகங்களில் களியைச் செருகும் வழியையே எடுத்துக்கொள்கிறேன். மண்ணை நீக்கிவிட்டுச் சேர்மானத்தைக் கொடுக்கும் யோசனையும் எனக்குப் பொருந்துகிறது. கோப்பை எழுதும்போது கவனிக்க வேண்டியவை ஏதேனும் உண்டா? எழுதி முடித்தபின், களி உண்மையிலேயே மூடியிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? பருமன் பொருந்தியும் மாதிரி தவறாக இருந்ததைப் பார்த்தபின் அந்தச் சோதனையின் மீது நம்பிக்கை போய்விட்டது.

முகஇணைப்பு:

கோப்பைப் பொறுத்தவரை மூன்று இடங்களில் கவனம் தேவை. கட்டத்தின் பாறை வகைக்கான புலம் காலியாக இருந்தால், டஃப்2 பிழை எதையும் காட்டாமல் பாறைப் பட்டியலின் முதல் வகையை அந்தக் கட்டத்துக்குக் கொடுத்துவிடும். எனவே பட்டியலின் முதலிடத்தில் எந்தக் கட்டத்துக்கும் உரியதல்லாத ஒரு போலி வகையை வைத்து, அதை ஏற்ற கட்டங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விடை சுழியமாக இருக்க வேண்டும். இரண்டாவது, வகையை ஐந்தெழுத்துப் பெயரால் குறிப்பிடலாம், பட்டியலில் அதன் வரிசை எண்ணாலும் குறிப்பிடலாம். எண்ணைப் பயன்படுத்தினால், பட்டியலின் நடுவில் களிக்குப் புதிதாக ஒரு வகையைச் செருகிய கணமே அதற்குக் கீழேயுள்ள எல்லாம் ஒன்று நகர்ந்துவிடும். பெயரையே பயன்படுத்துங்கள். மூன்றாவது, கட்டப் பட்டியலில் பருமன் சுழியமோ எதிர்மறையோ ஆன முதல் கட்டம் வந்துவிட்டால், அதிலிருந்து கீழேயுள்ள எல்லாக் கட்டங்களையும் மென்பொருள் செயலற்ற எல்லைக் கட்டங்களாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் எல்லைக் கட்டங்கள் பட்டியலின் கடைசியில் இருந்தால், புதிய களிக் கட்டங்களை அவற்றுக்குப் பின்னால் ஒட்டிவிடாதீர்கள்; ஒட்டினால் களி முழுவதும் மாறாத எல்லையாக உறைந்துவிடும்.

மூடியிருப்பதைச் சோதிக்க இரண்டு வழிகள். ஓட்டத்தைக் கணிக்காமலேயே செய்யக்கூடியது, இணைப்புப் பட்டியலைக் கொண்டு கட்டங்களைக் குழுக்களாகப் பிரிப்பது. களிக் கட்டங்களை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சமுள்ள இணைப்புகளின் வழியே மேல்மணலின் ஒரு கட்டத்திலிருந்து எங்கெல்லாம் போக முடிகிறது என்று பைத்தானின் சைபை நூலகத்திலுள்ள, இணைப்புகளை ஆராயும் வரைபடக் கருவிகளால் பாருங்கள். கீழ்மணலின் ஒரு கட்டமாவது அகப்பட்டால் எங்கோ ஒரு முகம் விடுபட்டிருக்கிறது. களியடுக்கு மாதிரியின் நான்கு பக்கங்களையும் தொடுகிறதா என்பதையும் இதே சோதனை சொல்லிவிடும்.

மற்றது ஓட்டத்தைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடுவது. உங்கள் வலையின் பரப்பு 3,000 × 2,250, அதாவது 67,50,000 சதுர மீட்டர். மேல்மணலிலும் கீழ்மணலிலும் நீர்மட்டத்தை நிலைநிறுத்தி 1 மீட்டர் வேறுபாட்டைக் கொடுத்தால், களி வழியே நாளொன்றுக்கு 1,350 கன மீட்டர், டஃப்2 காட்டும் அலகில் நொடிக்கு ஏறத்தாழ 15.6 கிலோகிராம் கசிய வேண்டும். மாதிரி காட்டுவது இதைவிடச் சற்றுக் கூடுதலாக, 15.9 அளவில் இருக்கும், அது பிழையல்ல. 100 மீட்டருக்கு ஒரு படி என்று 2 மீட்டர் உயரமுள்ள செங்குத்து முகங்களிலும் களி இருப்பதால், கசியும் பரப்பு 2 சதவீதம் கூடுகிறது. அந்த 2 சதவீதமும் வேண்டாமென்றால் செங்குத்து முகங்களிலுள்ள களிக்கு மட்டும் மிகக் குறைந்த ஊடுருவுதிறனுடன் தனி வகை கொடுத்துவிடுங்கள். ஆனால் களியின் கடத்துதிறனே பத்து மடங்கு முன்பின்னாக இருக்கக்கூடிய நிலையில், நான் அதைத் தொட மாட்டேன்.